ஒரு சங்குப் பால்தானே, டாக்டரம்மா

காலை ஏழரை மணி. அறுவை அரங்கின் வாசலில், நான்கரை மாதப் பெண் குழந்தையைத் தாயின் கையிலிருந்து வாங்கும்போது பால் வாசனை அடித்தது. கழுத்து மடிப்பில் ஈரம். "கடைசியாக எப்போது பால் கொடுத்தீர்கள்?" என்று அன்று மூன்றாவது முறையாகக் கேட்டேன். "ராத்திரி இரண்டு மணிக்குத் தாய்ப்பால். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை" என்றார் அப்பா. அம்மாவும் தலையாட்டினார். பாட்டி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தார். "ஒரு சங்குப் பால்தானே, டாக்டரம்மா. ஐந்து மணிக்கு வீறிட்டு அழுதது. மனசு கேட்கவில்லை."

பசும்பால். ஐந்து மணிக்கு. பசும்பால் உள்ளே போனால் ஆறு மணி நேரத்துக்கு நான் மயக்க மருந்து கொடுக்க முடியாது.

இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் இருந்த பெரிய ஓட்டையை அடைக்க அன்று எல்லாம் தயாராக இருந்தது. ரத்தம் வந்துவிட்டது. இதய நுரையீரல் இயந்திரத்துக்குக் குழாய்களைப் பொருத்தியாகிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கையைக் காலியாக வைத்திருந்தார்கள். "பதினொரு மணிக்கு மேல் செய்யலாமே?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் வரிசையில் அடுத்த குழந்தை உள்ளே போய்விட்டது, அது முடிய மாலை ஆகும். இவர்களுக்கு வேறு தேதி கொடுத்தோம். அந்தத் தேதிக்குள் குழந்தைக்குச் சளி பிடித்தது. ஒரு சங்குப் பாலுக்கு மூன்று வாரம் போயிற்று.

ஒரே மாதத்தில் இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபமாகவே.

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. "பசியோடு போனால் ஆபரேஷனைத் தாங்குமா? தெம்பு வேண்டாமா?" என்ற கேள்வி இல்லாமல் எனக்கு ஒரு வாரம்கூடப் போவதில்லை. வயிற்றில் கிடக்கும் பால் அந்த நேரத்துக்குத் தெம்பு தராது. உள்ளே வந்ததும் வேண்டிய குளுக்கோஸை நரம்பு வழியாக நாங்கள் கொடுக்கிறோம், சர்க்கரை அளவையும் அவ்வப்போது பார்க்கிறோம். பட்டினி போடுகிற பாவிகள் என்று எங்களைத் திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் இருமுகிறோம் அல்லவா? அந்த இருமல்தான் நுரையீரலுக்குக் காவல். மயக்க மருந்து கொடுத்ததும் அந்தக் காவல் தூங்கிவிடும். அப்போது வயிற்றில் இருப்பது மேலேறி வந்தால் தடுக்க ஆள் இல்லை, நேரே மூச்சுக்குழாய்தான். இறங்குவதும் வெறும் பால் இல்லை, வயிற்று அமிலத்தில் திரிந்த கட்டி. இந்தக் குழந்தையின் நுரையீரலோ ஓட்டை வழியாகத் தேவைக்கு மேல் ரத்தம் பாய்ந்து ஏற்கெனவே ஈரப் பஞ்சு போலக் கனத்துக் கிடக்கிறது. அங்கே திரிந்த பால் போனால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

"துளிதானே", "ஒரு மிடறுதானே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சங்கு என்பது ஏறத்தாழ 30 மில்லி. நான்கு கிலோ குழந்தைக்கு அது, அறுபது கிலோ இருக்கும் உங்களுக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆபரேஷனுக்கு முன் அரை லிட்டர் பால் குடித்துவிட்டு நீங்கள் வருவீர்களா?

பொதுவான கணக்கு இது: தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், பசும்பால், பால்பவுடர் என்றால் 6 மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுவே சரி. கஞ்சித் தண்ணீர் தெளிந்த தண்ணீர் ஆகாது. கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. "ஆறு மணி நேரம் நல்லது என்றால் பன்னிரண்டு மணி நேரம் இன்னும் நல்லதுதானே" என்று முந்தின நாள் மாலையிலிருந்தே வாயைக் கட்டிவிடுவார்கள். அழுதால் உதடும் நகமும் நீலமாகிற குழந்தைகளுக்கு இது ஆபத்து. அவர்களின் ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும். தண்ணீர்ச் சத்து வற்றினால் இன்னும் கெட்டியாகும், நீலம் கூடித் துவண்டுவிடும். சொன்ன நேரம்வரை கொடுங்கள், சொன்ன நேரத்தில் நிறுத்துங்கள்.

தவறிக் கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள். நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். பால் கொடுத்ததற்காக யாரையும் நாங்கள் வெளியே அனுப்புவதில்லை. ஆறு மணிக்கே தெரிந்திருந்தால் வரிசையை மாற்றி அன்றைக்கே செய்திருக்கவும் வழி இருந்தது. பாலை மட்டுமா மறைக்கிறார்கள்? தேதி போய்விடுமே என்று சளியை மறைக்கிறார்கள். மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிவந்திருக்கும், "அழுததால்தான்" என்பார்கள். முந்தின நாள் தெருவில் வந்த கழுதைப்பாலை, பாட்டி நாக்கில் தடவிய உரைமருந்தை, யாரோ சொன்னார்கள் என்று நிறுத்திவிட்ட இதய மருந்தை, எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். நாங்கள் போலீஸ் இல்லை. உங்கள் பதிலை வைத்துத்தான் மருந்தின் அளவு முதல் ஆபரேஷன் நாள் வரை முடிவாகிறது.

அரைஞாண் கொடி, கொலுசு, தாயத்து எல்லாவற்றையும் வார்டிலேயே கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மின்சாரக் கருவியால் ரத்தக் கசிவை அடைக்கிறோம். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம். கறுப்புக் கயிறு வேண்டுமென்றால் தொட்டிலில் கட்டுங்கள், நான் பார்க்காத மாதிரி போய்விடுவேன். கன்னத்துப் பொட்டும் கண் மையும் அன்றைக்கு வேண்டாம்.

இனி காத்திருக்கும் நேரம். அறுவை நிபுணர் "மூன்று மணி நேரம்" என்கிறார். ஐந்து மணி நேரம் ஆனதும் வெளியே ஒப்பாரி தொடங்கிவிடுகிறது. அவர் சொன்னது அவருடைய வேலைக்கான நேரம். உங்கள் கடிகாரமோ நான் குழந்தையை வாங்கிய நொடியிலேயே ஓட ஆரம்பித்துவிடுகிறது. கத்தி படுவதற்கு முன் எனக்கு மட்டும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். மூச்சுக்குழாயில் ஒரு குழல், மணிக்கட்டுத் தமனியில் நூல் போல ஒன்று, கழுத்து நரம்பில் இன்னொன்று, சிறுநீருக்கு ஒன்று. நான்கு கிலோ உடம்பில் தமனி எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சில நாட்களில் முதல் குத்திலேயே கிடைக்கும், சில நாட்களில் அரை மணி நேரம் குனிந்தே நிற்பேன். தையல் முடிந்த பிறகும் கசிவு நிற்கக் காத்திருப்போம். குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 320 மில்லிதான். அவசரப்பட முடியாது. நேரம் கூடுவதாலேயே ஏதோ ஆகிவிட்டது என்று பொருள் இல்லை. விபரீதம் என்றால் நாங்களே வந்து சொல்வோம். அரங்கிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு ஊழியரின் முகத்தையும் படித்து, ஊரிலிருக்கும் மாமாவுக்கு போனில் செய்தி வாசிக்காதீர்கள். விசாரிக்க வீட்டில் ஒருவர் போதும்.

அப்புறம், அம்மாவுக்குச் சாப்பாடு கொடுங்கள். "குழந்தை வெளியே வரும்வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை" என்று வேண்டிக்கொண்டு உட்காரும் தாய்மார்களைப் பார்த்தால் எனக்கு அழுகையும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. பட்டினி குழந்தைக்குத்தான், அம்மாவுக்கு இல்லை. நேரத்துக்குப் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை குடிக்கத் தயாராகும்போது பால் வற்றியிருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் முதலில் பார்க்கும்போது முகம் உப்பியிருக்கும். வாயில் குழல், நெஞ்சுக்குக் கீழே ரத்தம் வடியும் குழாய். பிறந்த குழந்தைக்குப் பெரிய ஆபரேஷன் என்றால், வீங்கிய இதயத்துக்கு இடம் விட்டு நெஞ்செலும்பை ஓரிரு நாள் மூடாமலே வைப்பதும் உண்டு. வலுவானவர் என்று அப்பாவை முதலில் அனுப்புவார்கள். மயங்கி விழுகிறவர் பெரும்பாலும் அவர்தான். உட்கார்ந்து பாருங்கள்.

"எடை கூடட்டும், அப்புறம் செய்யலாம்" என்று மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சிறிய ஓட்டைகள் பல தாமாக மூடும், உண்மைதான். பெரிய ஓட்டையோடு, பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிற குழந்தைக்கு எடை கூடாததற்குக் காரணமே அந்த ஓட்டைதான். பணம் தடையென்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி முதல் நாளே கேளுங்கள்.

அந்தப் பெண் குழந்தை மூன்று வாரம் கழித்து வந்தாள். பாட்டியும் வந்தார். நான் கேட்பதற்கு முன்பே, "ராத்திரி இரண்டு மணிக்கு மேல் நான் தூங்கவே இல்லை, டாக்டரம்மா. தொட்டில் பக்கத்தில் ஒருத்தரையும் விடவில்லை" என்றார். ஆபரேஷன் ஐந்தரை மணி நேரம் ஆனது. மறுநாள் மாலை மூச்சுக் குழலை எடுத்தோம். அதன் பிறகு மூக்குக் குழாய் வழியாக முதல் தாய்ப்பால் போயிற்று. வெளியே வந்து பாட்டியிடம் சொன்னேன்.

"எவ்வளவு?"

"ஐந்து மில்லி."

"அது சங்கின் மூக்குக்குக்கூடக் காணாதே!" என்றார்.