கேரல், கீத பவனி, குரவை

டிசம்பர் பிறந்துவிட்டால் தூத்துக்குடி, பாளையங்கோட்டை, நாகர்கோவில் பக்கத்துச் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்போடு ஒரு பட்டியலும் வரும். எந்தத் தெருவுக்கு எந்த இரவு 'கேரல் ரவுண்ட்ஸ்' என்ற பட்டியல் அது. பாடுகிற பாட்டைக் கேரல் என்கிறோம். அதைப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவதும் கேரல்தான். ஆலயத்துக்குள் பாடகர் குழு நடத்தினால் 'கேரல் சர்வீஸ்'. மூன்று வேறு காரியங்களை ஒரே இரவல் சொல் சுமக்கிறது. மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன, அவை நம் சபைகளில் ஏற்கெனவே புழங்குகிறவை. அவற்றைப் பார்க்குமுன் இந்தச் சொல் வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

இன்று கேரல் என்றால் கிறிஸ்து பிறப்பைப் பாடும் பாட்டு. தொடக்கத்தில் அப்படி இல்லை. பழைய பிரெஞ்சில் 'கரோல்' என்பது ஓர் ஆட்டத்தின் பெயர். ஆண்களும் பெண்களும் கைகோத்து வட்டமாக நின்று, தாங்களே பாடிக்கொண்டு ஆடுவார்கள். ஒருவர் அடிகளைப் பாட, மற்றவர்கள் திரும்பத் திரும்ப வரும் வரியை ஒரே குரலாக எடுப்பார்கள். கி.பி. 1300 வாக்கில் ஆட்டமும் சொல்லும் சேர்ந்தே ஆங்கிலத்துக்குள் வந்தன. பிரெஞ்சுக்கு முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. கூட்டு நடனத்துக்குக் குழல் ஊதுபவரைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக வந்தது என்பார் சிலர். சின்ன மாலை, சிறு முடி என்று பொருள்படும் லத்தீன் 'கொரோல்லா' என்பார் வேறு சிலர். மாலையும் வட்டம், ஆட்டமும் வட்டம் என்பதால் இரண்டாவது விளக்கம் மனதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் இதமாக இருப்பது சான்று ஆகாது.

வட்டமாகக் கைகோத்துப் பாடி ஆடுவது என்றதும் தமிழ் படித்தவர்களுக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்திருக்கும். அதில் வரும் ஆய்ச்சியர் குரவை இதேதான். குடத்துப் பால் உறையவில்லை, இன்னும் பல தீக்குறிகள் தெரிகின்றன என்று கலங்கிய மாதரி, கண்ணன் ஆடிய குரவையை ஆடுவோம் என்று ஆயர் பெண்களை அழைக்கிறாள். ஏழு பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு இசைகளின் பெயர்களையே அவர்களுக்கு வைக்கிறாள் மாதரி. பிறகு கைகோத்து ஆடிக்கொண்டே மாயவனைப் பாடுகிறார்கள். பழைய 'கரோல்' என்ற சொல்லுக்கு நேர்த் தமிழ் கேட்டால் நான் தயங்காமல் 'குரவை' என்பேன். கும்மி இரண்டாவதாக வரும். அதிலும் வட்டமும் பாட்டும் உண்டு, ஆனால் கைகோப்பதற்குப் பதில் கைகொட்டுவார்கள். இரண்டு மொழிகளுக்கும் இடையில் உறவு ஒன்றும் இல்லை. மகிழ்ச்சி வந்தால் கூடி வட்டமிட்டுப் பாடுவது மனித வழக்கம், அவ்வளவே.

இந்த ஆட்டத்தை இடைக்காலத் திருச்சபை விரும்பவில்லை. ராபர்ட் மானிங் என்ற ஆங்கிலத் துறவி 1303இல் எழுதத் தொடங்கிய செய்யுள் நூலில் ஒரு கதை வருகிறது. கிறிஸ்துமஸ் இரவில் சிலர் கோவில் முற்றத்தில் கரோல் ஆடுகிறார்கள். உள்ளே பூசை நடக்கிறது, குருவானவர் நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை. அவர் சபித்துவிட, கோத்த கையைப் பிரிக்க முடியாமல் ஓராண்டு முழுக்க ஆடித் தீர்க்கிறார்கள். கதை கதைதான். இருந்தாலும் 'கரோல்' என்று சொன்னால் அன்றைக்கு மக்கள் கண்முன் வந்தது ஆட்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அப்புறம் ஆட்டம் மெல்ல உதிர்ந்தது, பாட்டு நின்றது. 15ஆம் நூற்றாண்டில் கரோல் என்பது ஒரு பாட்டு வடிவம். முதலில் ஒரு பல்லவி, பின் ஓர் அடிக்கூட்டம், மறுபடி பல்லவி, அடுத்த அடிக்கூட்டம் என்று போகும். வட்டத்தில் எல்லாரும் சேர்ந்து எடுத்த அந்த வரிதான் இந்தப் பல்லவி. கிறிஸ்துமஸ் மட்டும் இல்லை, ஈஸ்டர், போர் வெற்றி, விருந்து என எதற்கும் கரோல் எழுதினார்கள். கிறிஸ்து பிறப்புக்கு எழுதியவை மிகுதியாக இருந்ததால் சொல்லின் பொருள் அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டது. 1521இல் வின்கின் டி வோர்ட் என்பவர் லண்டனில் அச்சிட்ட தொகுப்பின் பெயரிலேயே கிறிஸ்துமஸும் கரோலும் சேர்ந்து நிற்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல்லவி முதலில் வந்து ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்புவது நம் கீர்த்தனை வடிவம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் அந்த வடிவத்தில்தான் பாடிக் கொடுத்தார்கள். சபைகளின் பாட்டுத் தொகுப்பான பாமாலைப் புத்தகத்தில் இருக்கும் பாட்டுகளோ பெரும்பாலும் ஐரோப்பிய மெட்டுக்கு ஏற்றபடி மொழிபெயர்த்தவை, பலவற்றுக்குப் பல்லவியே கிடையாது. ஆக, இலக்கண வரையறைப்படி பார்த்தால், கேரல் ரவுண்ட்ஸில் ஆர்மோனியத்தோடும் தபேலாவோடும் பாடுகிற கிறிஸ்துமஸ் கீர்த்தனைதான் பழைய கரோலுக்கு நெருக்கம். 1818இல் ஆஸ்திரியாவின் ஓபர்ண்டார்ஃபில் முதன்முதல் பாடப்பட்டு, நம் பாமாலையில் 'ஒப்பில்லா திரு இரா' என்று இருக்கும் உலகப் புகழ்பெற்ற 'சைலன்ட் நைட்' பாட்டு அந்த வரையறைக்குள் வராது. கீர்த்தனை என்றால் பழையது, கேரல் என்றால் மேல்நாட்டுப் பாணி என்று நினைக்கும் வாலிபப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எனக்கு ஆசை.

இங்கிலாந்தில் 1647இல் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே தடை செய்தது. பின்னாளில் தடை போனாலும், நகரங்களில் இந்தப் பாட்டுகள் மங்கிப்போயிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டேவிஸ் கில்பர்ட், வில்லியம் சாண்டிஸ் ஆகியோர் கிராமத்தார் வாயிலிருந்த பாட்டுகளைத் தொகுத்து அச்சேற்ற, மறுபடி உயிர் வந்தது. 1880 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ட்ரூரோ நகரத்தில் ஒன்பது வேதபாடங்களுக்கு நடுவே கேரல்கள் பாடும் ஆராதனை நடந்தது. 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி அதை எடுத்துக்கொண்டது, 1928இல் வானொலியில் ஒலித்தது. தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் இன்று நடக்கும் கேரல் சர்வீஸின் முன்மாதிரி இதுதான்.

சரி, தமிழுக்கு வருவோம்.

ஆலயத்தில் நடப்பதற்கு 'கீத ஆராதனை' என்ற பெயர் வேரூன்றிவிட்டது. அழைப்பிதழில் 'கிறிஸ்துமஸ் கீத ஆராதனை' என்றுதான் அச்சிடுகிறார்கள், பேச்சில் மட்டும் கேரல் சர்வீஸ். அதில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

பாட்டைக் குறிக்க 'கிறிஸ்து பிறப்புப் பாடல்'. கத்தோலிக்க வழக்கில் இது இயல்பாக வருகிறது. சொல் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கேட்டதும் புரியும். 'கிறிஸ்துமஸ் கீதம்' என்றாலும் தப்பில்லை.

வீடு வீடாகப் போவதற்குத்தான் நல்ல சொல் தேவைப்படுகிறது, ஏனென்றால் அது வெறும் பாட்டு இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு லோடு ஆட்டோவில் கீபோர்டும் ஸ்பீக்கரும் ஏற்றி, முன்னால் நட்சத்திர விளக்கைக் கம்பில் கட்டி, கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்று இரண்டு பாட்டு. தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறக்கும் பாட்டியம்மாவின் கையைப் பிடித்துத் தாத்தா குலுக்குவார், பிள்ளைகளுக்கு மிட்டாய். சபை ஊழியரான உபதேசியார் அந்த வீட்டாரின் பெயர் சொல்லி ஜெபிப்பார். அந்த வருஷம் துக்கம் நடந்த வீடு என்றால் தாளக் கருவிகளை நிறுத்திவிட்டு மெதுவான பாட்டாக எடுப்பார்கள். காணிக்கைக் கவரை ஒருவர் வாங்கிக்கொள்ள, சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வீடு. கடைசித் தெருவுக்கு வரும்போது பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

இதற்குப் பெரியவர்கள் 'பஜனை' என்றார்கள். மார்கழி அதிகாலையில் தெருவில் பாடிப்போகும் தமிழ் வழக்கத்தின் பெயரையே கிறிஸ்தவக் கிராமங்களும் எடுத்துக்கொண்டன, சொல்லும் பொருந்தியது. இப்போது பஜனை என்றால் எல்லாருக்கும் இந்தக் காட்சி தோன்றுவதில்லை. ஆகவே என் தேர்வு 'கீத பவனி'. குருத்தோலைப் பவனி, தேர்ப் பவனி என்று ஏற்கெனவே வாயில் இருக்கும் சொல் பவனி. கூட்டமாகத் தெருவழியே போவது அதற்குள்ளேயே இருக்கிறது. வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'பாட்டு உலா' என்று எழுதலாம், உலா நம் சிற்றிலக்கியத்தின் பெயரும்கூட.

இரவல் சொல்லையே எழுதுவதானால் தமிழகத்தில் 'கேரல்', இலங்கையில் 'கரோல்'. முன்னது ஆங்கில ஒலிப்பையும் பின்னது எழுத்தையும் பின்பற்றுகிறது, இரண்டும் சரியே. இலங்கையில் 'கரோல் கீதங்கள்' என்றும், பண்டிகையை 'நத்தார்' என்றும் எழுதுவார்கள். நத்தார் என்பது போர்த்துகீசிய 'நத்தால்' தந்த சொல். கேரல் என்று பெண்ணுக்கு வைக்கும் பெயருக்கும் இந்தப் பாட்டுக்கும் தொடர்பில்லை, அது கரோலுஸ் என்ற ஆண்பெயரின் வழி வந்தது. 'கொயர்' என்பதும் வேறு, அது பாடகர் குழு. 'கேரல் குழு வருகிறது' என்று எழுத நேர்ந்தால் 'கீத பவனிக் குழு' என்று போடுங்கள், தெருவில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.