திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்களும் வன்னி வெயிலும்

வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கக் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவோடிரவாக வான் பிடித்து முல்லைத்தீவு வந்து, மறுநாளே காவடி எடுப்பதுதான் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வருகிற பலரின் திட்டம். லீவு கிடைப்பதே இரண்டு கிழமைதான் என்பது விளங்குகிறது. ஆனாலும் உடம்புக்கு இதைவிட மோசமான திட்டம் இல்லை.

“முள்ளியவளையில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த வெயில் புதுசா?” என்று கேட்பார்கள். புதுசுதான். உடம்பு வெக்கைக்குப் பழக 7 முதல் 14 நாள் எடுக்கும்; வெக்கையை விட்டு விலகினால் சில கிழமைகளில் அந்தப் பழக்கம் போய்விடும். பழகிய உடம்பு வெயிலில் இறங்கியவுடன் வியர்க்கும், நிறைய வியர்க்கும், வியர்வையில் உப்புக் குறைவாக இருக்கும். பழகாத உடம்பு பிந்தி வியர்க்கும், வியர்க்கும்போது உப்பையும் கூடவே இழக்கும். பிறந்த ஊர் எதுவானாலும் இது மாறாது.

ஆகவே நேர்த்தி இருந்தால் குறைந்தது ஒரு கிழமை முன்னதாக வாருங்கள். முதல் மூன்று நாள் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நாலு மணிக்குப் பின்னும் அரை மணித்தியாலம் நடந்தால் போதும். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். நாள் முழுக்க ஏசி அறைக்குள் இருந்துவிட்டுப் பொங்கலன்று வெளியே வருவது, அன்றுதான் விமானத்தால் இறங்கியதற்குச் சமம்.

வைகாசியில் இருந்து ஆவணி வரை வன்னியில் கச்சான் வீசும். இந்தக் காற்று உலர்ந்தது. வியர்வை தோலில் நிற்காமல் உடனே காய்ந்துவிடுவதால், “எனக்கு வியர்க்கவே இல்லை” என்று நினைத்துக்கொண்டே மணிக்கு ஒரு லீற்றர் வரை நீரை இழக்கலாம். சட்டையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சலம் கடும் மஞ்சளாகப் போனாலோ, ஆறு மணித்தியாலமாகப் போகாமல் இருந்தாலோ நீர் போதவில்லை.

குடிப்பதிலும் பிழை விடுகிறார்கள். போத்தல் போத்தலாகப் பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஐதாகித் தலையிடி, வாந்தி, தடுமாற்றம் வரும். பார்க்க வெயில் மயக்கம் போலவே இருப்பதால் பக்கத்தில் நிற்பவர்கள் இன்னும் தண்ணீர் பருக்குவார்கள். அது நிலைமையை மோசமாக்கும். நல்லது மோர், உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர், கஞ்சி. செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் அது வியர்வையில் போன உப்பை ஈடுசெய்யாது; சிறுநீரக நோயாளருக்கு ஆபத்தாகவும் முடியலாம். ஜீவனி (வாய்வழி நீரேற்றும் உப்புச்சீனித் தூள்) பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அரைப் பைக்கற்றை ஒரு கிளாசில் கண்மட்டத்துக்குக் கரைத்தால் உப்புக் கூடிப்போகும், பிள்ளைகளுக்கு அது கெடுதல். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பைக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் நீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் தட்டையாக அளக்கவும். இதயம், சிறுநீரகம் பழுதானவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தங்கள் வைத்தியரிடம் முதலே கேட்டு வர வேண்டும்.

நீரிழிவுக்காரரின் கால்தான் எங்களுக்குப் பெரிய கவலை. மத்தியானக் கோயில் வீதி மணலும் தார் றோட்டும் பாதத்தைப் பொசுக்கும் அளவு சுடும். நரம்பு மரத்த காலுக்குச் சூடு தெரியாது. நேர்த்தி முடித்து வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் கொப்பளம் தெரியவரும்; அது புண்ணாகி, விரலை எடுக்கும் வரை போகக்கூடும். புறங்கையை நிலத்தில் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் அதில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். காவடியை விடியற்காலையிலோ பொழுதுபட்டோ எடுங்கள். தடித்த பருத்திக் காலுறை போட்டு வந்தால் அம்மன் கோபிக்க மாட்டாள். இரவில் யாராவது ரோச் அடித்து உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

விரதமும் அப்படித்தான். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவுக் குளிசை எடுப்பவர் சாப்பிடாமல் வெயிலில் நின்றால் நீரும் வற்றும், சீனி அளவு பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகவும் கூடும். சலம் கூடப் போக வைக்கும் பிரசர்க் குளிசையும் நீரை வற்றச் செய்யும். விரத நாளில் எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை விமானம் ஏற முன்பே எழுதி வாங்குங்கள். தானாக நிறுத்த வேண்டாம். இன்சுலினை வெயிலில் நிற்கும் வானுக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து, அதற்குள் மருந்தை உலர்ந்த பையில் வையுங்கள். ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்குக் காட்டு மரங்களின் கீழ் நாள்கணக்கில் கொட்டில் போட்டுத் தங்குகிறவர்களுக்கும் இது உதவும்.

காய்ச்சல் வந்தால் வெயில் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். டெங்கு இருக்கலாம். பரசிற்றமோல் மட்டும் எடுங்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் வேண்டாம். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வெயிலில் நின்றவர் பிதற்றினாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவிழந்தாலோ அது வெப்பத்தாக்கம். சாமி வந்துவிட்டது என்று சுற்றி நின்று பார்த்தால் நேரம் போய்விடும். தோல் வியர்த்திருந்தாலும் வெப்பத்தாக்கம் என்றே நினையுங்கள். முதலில் குளிர வையுங்கள், பிறகு வாகனத்தில் ஏற்றுங்கள். நிழலுக்குத் தூக்கி, உடுப்பைத் தளர்த்தி, வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, பாளையாலோ அட்டையாலோ விடாமல் விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, கக்கம், கவட்டில் வையுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. பரசிற்றமோல் இதற்கு வேலை செய்யாது. அதே நேரம் இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். அது அம்புலன்ஸ் இலக்கம், காசு எடுக்கமாட்டார்கள். கோயிலின் பெயரை மட்டும் சொன்னால் திருவிழாக் கூட்டத்தில் அவர்களால் ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது; எந்த வீதி, எந்தத் தண்ணீர்ப்பந்தலடி என்று சொல்லி, றோட்டுக்கு ஒருவரை அனுப்பி வைத்திருங்கள்.