இரும்புக்குள் குடியேறும் நைட்ரஜன்

அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உரிமம் பெற்று வைத்திருக்கும் .32 ரிவால்வரைத் தேர்தல் சமயத்தில் தோல் உறையோடு ஒப்படைத்தாராம். திரும்பி வந்தபோது சுழல் உருளையிலும் குழலிலும் செம்புள்ளிகள். இனி துருவே ஏறாதபடி எந்த மேற்பூச்சைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவருடைய கேள்வி.

துருவைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இரும்பு, ஈரம், ஆக்சிஜன். உள்ளங்கை வியர்வையின் உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். செந்துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு பொரிந்து உதிர்கிறது, அடியில் புதிய இரும்பு வெளிப்படுகிறது. தோல் உறை இதற்குத் துணைபோகும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட உப்பின் மிச்சமும் அதில் இருக்கலாம். எந்தப் பூச்சு பூசினாலும் துப்பாக்கியைத் தோலுக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

பழைய துப்பாக்கிகளின் கருநீல நிறம் புளூயிங்கால் வந்தது. காரமும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கரைசலை 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கவிட்டு அதில் இரும்பை முக்குவார்கள். மேற்பரப்பு மேக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடாக மாறும். பார்க்க அழகு, ஆனால் மிக மெல்லியது. எண்ணெய் தடவாவிட்டால் நம் ஊர் ஆடி மாதச் சாரலையே தாங்காது. பாஸ்பேட் பூச்சு அதைவிட மேல். அதன் படிகங்களுக்கிடையே எண்ணெய் தங்கும். கடினக் குரோம் முலாமைக் கோவைப் பட்டறைகளில் ஹைட்ராலிக் தண்டுகளில் பார்த்திருப்பீர்கள். தேய்மானத்துக்கு அது கெட்டி. ஆனால் அந்த முலாமில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் இறங்கினால் அடியில் துரு ஊரும். முலாம் பூசும் தொட்டியிலுள்ள அறுபடிநிலைக் குரோமியம் புற்றுநோய் தரும் நஞ்சு. நொய்யல் கரையில் இருப்பவர்களுக்குக் கழிவுநீரைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் நைட்ரைடிங்தான், அதாவது எஃகுக்குள்ளேயே நைட்ரஜனை ஏற்றுவது. அது பூச்சே இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. சுத்தம் செய்த எஃகுப் பாகத்தை 570–580 டிகிரியில் உருகிக் கிடக்கும் சயனேட் உப்பில் ஒன்றிரண்டு மணி நேரம் மூழ்கவிடுகிறார்கள். உப்பு எஃகின் மேற்பரப்பில் சிதைந்து, தனி நைட்ரஜன் அணுக்களையும் கொஞ்சம் கார்பனையும் விடுவிக்கிறது. இரும்பு அணுவோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் அணு ஏறத்தாழப் பாதி அளவுதான். பொள்ளாச்சியில் தேங்காய் அடுக்கிய குவியலின் இடுக்குகளில் கொட்டைப்பாக்கு இறங்குவதுபோல, அது இரும்பு அணுக்களின் நடுவே நழுவிப் போகிறது. இடுக்கு போதாததால் நெருக்கிக்கொண்டுதான் உட்காருகிறது. சுற்றிலும் உள்ள இரும்பு இறுகுகிறது, கடினம் பல மடங்கு ஏறுகிறது.

மேற்பரப்பில் நைட்ரஜன் மிகுந்ததும் அது இரும்போடு சேர்ந்து இரும்பு நைட்ரைடாகிறது. இந்த அடுக்கின் கனம் 10 முதல் 20 மைக்ரான், அதாவது தலைமுடியின் கனத்தில் ஒரு சிறு பங்கு. ஈரத்தை இரும்பிடம் அண்டவிடாமல் தடுப்பது இதுதான். அதற்குக் கீழே நைட்ரஜன் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகிறது. மேலே உள்ள அடுக்கும் இரும்பிலிருந்தே வளர்ந்தது, வெளியிலிருந்து ஒட்டவைத்ததல்ல. அதனால்தான் இது செதில் செதிலாக உரிவதில்லை. குழலின் உள்விட்டமும் மாறியதாகத் தெரியாது.

அடுத்த படியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் குளிர்கிறது. சயனேட் குளியலில் சிறிதளவு சயனைடு உண்டாகிவிடும். பாகத்தை எடுத்து 400 டிகிரி அளவிலுள்ள ஆக்சிஜனேற்ற உப்பில் முக்குகிறார்கள். ஒட்டி வந்த சயனைடு அங்கே சிதைந்து அழிகிறது. அதே நேரத்தில் நைட்ரைடின் மேல் கறுப்பு மேக்னடைட் படிகிறது. நஞ்சைத் தீர்க்கும் தொட்டியே நிறத்தையும் கூடுதல் காவலையும் தருகிறது!

இதற்கும் எல்லைகள் உண்டு. அந்த வெப்பத்தில் சுருள்வில்லின் விறைப்பு போய்விடும். வில்களைக் கழற்றாமல் குளியலில் இறக்கக்கூடாது. துருப்பிடிக்காத எஃகு என்றால் நன்றாக யோசியுங்கள். அதைக் காப்பாற்றும் குரோமியத்தை நைட்ரஜன் பிடித்துக்கொள்வதால் இயல்பான எதிர்ப்பு குறையும். ஏற்கெனவே ஏறிய துருவை முழுவதும் நீக்கியாக வேண்டும், வரிசை எண்ணைத் தேய்த்துவிடாமல். இவை எல்லாமே ஆயுத உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் வழியாகத்தான் நடக்க வேண்டும். பம்ப் தண்டுக்கு வெப்பப் பதம் ஏற்றும் பட்டறையில் நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.

உப்புக் குளியலே இல்லாமல், பிளாஸ்மாவில், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவில், நைட்ரஜனை ஏற்றும் முறையும் இருக்கிறது. கழிவு மிகக் குறைவு, கருவி விலைதான் அதிகம். கோவையில் பொறியியல் கல்லூரிகளும் வார்ப்பாலைகளும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. சிறு பட்டறைகள் பகிர்ந்து பயன்படுத்தும் பொது உலைகளுக்கும் அவற்றைச் சார்ந்த ஆய்வுக்கும் அரசு போதிய பணம் ஒதுக்காமல், ஆறு கெட்ட பிறகு சுத்திகரிப்புக்குச் செலவழிப்பது எனக்குக் கோபம் தருகிறது.

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, எலுமிச்சையை அறுத்து மேலே வைக்கும் வீடுகள் உண்டு. வழிபாட்டில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பொட்டை மறுநாள்வரை துடைக்கக்கூடாது என்பதை ஏற்க முடியாது. ஈரச் சந்தனமும் எலுமிச்சையின் அமிலமும் புளூயிங்கை ஓர் இரவிலேயே கறைப்படுத்திவிடும். பூஜை முடிந்த கையோடு உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகத் தடவி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். நைட்ரைடிங் செய்த பிறகும் இதையே செய்யுங்கள்.