நாற்பது மீட்டருக்கு இருபது சென்டிமீட்டர்

கழிவுநீர்க் குழாய் ஓடுவதற்கு எந்திரம் வேண்டாம், சரிவு போதும். தன் எடையால் இறங்கும் நீர் மலத்தையும் மணலையும் உருட்டிக்கொண்டு போக வேண்டுமானால், அதன் வேகம் நாளில் ஒரு முறையாவது நொடிக்கு 0.5 முதல் 0.6 மீட்டரைத் தொட வேண்டும். இல்லையேல் கசடு அடியில் படிந்து, நாளடைவில் குழாயை அடைத்துவிடும். மித்தி ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய மும்பைத் தாராவி தாழ்நிலமாகையால் அங்கே சரிவு தாராளமாகக் கிடைப்பதில்லை. கிடைக்கும் சில சென்டிமீட்டர்களை, அங்குக் குடியிருப்பவர்களைக் கேட்காமல் கண்டுபிடிக்க இயலாது என்று உறுதியாக நம்புகிறேன்.

நான்கு அங்குலக் குழாயை 200-க்கு 1 என்ற சரிவில் பதித்தால், 40 மீட்டர் நீளமுள்ள கல்லியில், அதாவது குறுகிய சந்தில், அது 20 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும். லாரி ஓடும் சாலையில் குழாயை ஆழப் புதைக்க வேண்டும். கைவண்டிகூட நுழையாத கல்லியில் 40 சென்டிமீட்டர் ஆழம் போதும். பிரேசிலின் நட்டால் நகரில் 1980-களின் தொடக்கத்தில், சிறு குழாயை ஆழமில்லாமல் பதிக்கும் இம்முறை உருவானபோது, குழாய் யார் வீட்டை ஒட்டிப் போவது என்பதை அந்தந்தத் தொகுதியின் குடும்பங்களே கூடிப் பேசித் தீர்மானித்தன. கராச்சியின் ஓரங்கிப் பகுதியில் மக்கள் தங்கள் கல்லிக் குழாயைத் தங்கள் செலவிலேயே பதித்தார்கள். கல்லிக்கு வெளியே உள்ள பெருங்குழாய் அரசின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பெருங்குழாய் இல்லாவிட்டால் மக்களின் உழைப்பு அடுத்த கல்லியின் வாசலில் போய்த் தேங்கும் என்பதையும் மறக்கலாகாது.

அளவெடுப்பதற்குக் கொத்தனாரின் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய தெளிந்த பிளாஸ்டிக் குழாயை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகச் சுவரில் கோடு போட்டால், எந்தப் படிக்கட்டு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது எல்லோர் கண்முன்னும் தெரிந்துவிடும். ஆனால் மழைக்காலத்தில் பர்தி, அதாவது கடலோதம், ஏறும்போது நாலா என்னும் பெருஞ்சாக்கடையின் நீர் எந்தப் படிவரை வருகிறது என்பதை அந்த வீட்டுக்காரப் பெண்தான் காட்ட வேண்டும். குடிநீர்க் குழாயில் நீர் வரும் சில மணி நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் மோரி என்னும் கழுவுமிடத்தில் துணியும் பாத்திரமும் துலக்கப்படுகின்றன. கசடை அடித்துச் செல்லும் உச்ச ஓட்டம் அப்போதுதான் உண்டாகிறது. வடிவமைப்புக்கு அடிப்படையான அந்த நேரத்தை எந்த வரைபடமும் காட்டாது.

அடைப்பெடுக்கத் திறக்கும் மூடியிட்ட தொட்டியான சேம்பரை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையில் கடினமான கேள்வி. கேளாமல் ஒருவர் வாசலில் வைத்தால், நாற்றத்துக்கு அஞ்சி அவர் அதன்மேல் சிமெண்ட் பூசிவிடுவார். அதன்பின் அடைப்பெடுக்க வழியே இராது. வாடகைக்கு இருப்பவர்களையும் கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டும், ஏனெனில் சேம்பர் மூடியை நாள்தோறும் பார்க்கப்போகிறவர்கள் அவர்களே. கோலார் தங்கவயலிலிருந்து மும்பைக்கு வந்த ஜாக்கின் அற்புதம் 1970-களில் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, குடிசைகளைக் குடியிருப்பவர்களே கணக்கெடுக்கும் முறையை வளர்த்தது. குழாய்த் திட்டத்துக்கும் அத்தகைய கணக்கே தொடக்கம்.

பதித்து முடித்தபின் சோதனையும் கல்லியின் கையில்தான் இருக்கிறது. மேல்முனையில் ஒரு வாளி மஞ்சள் நீரை ஊற்றிவிட்டு, கீழ்முனைச் சேம்பரில் நிறம் தெரிய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணி, சுவரில் எழுதி வைக்கலாம். அடுத்த மாதம் அதே வாளிக்குக் கூடுதல் நேரம் பிடித்தால், இடையில் எங்கோ மணல் படியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.