ஒரே உரையாடல், ஆளுக்கொரு திரை: நீண்ட மின்னஞ்சல் இழைகளைப் படிக்கும் முன்

அலுவலகங்களின் மின்னஞ்சல் அமைப்புகளைப் பராமரிக்கும் பணியில் எனக்கு வரும் புகார்களில் ஒன்று ஓயாமல் திரும்பி வருவது: ஒருவர் பதில் அனுப்பிவிட்டேன் என்பார், மற்றவர் அப்படி எதுவும் வரவே இல்லை என்பார். சர்வரின் பதிவேட்டைப் பார்த்தால் பெரும்பாலும் மடல் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். வரவில்லை என்றவரின் இன்பாக்ஸிலேயே, நாற்பது மடல்கள் கொண்ட ஓர் உரையாடலின் நடுவில், படித்த மடல்களோடு மடிந்து கிடக்கும். இதை அவருடைய கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. மின்னஞ்சல் நிரல்கள் உரையாடலை எப்படிக் கட்டிக் காட்டுகின்றன என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

உரையாடல் என்ற பொருள் இணையத்தில் எங்கும் சேமிக்கப்பட்டிருக்கவில்லை. பயணிப்பவை தனித்தனி மடல்கள் மட்டுமே. ஒவ்வொரு மடலின் ஹெடர் என்ற, வழக்கமாகத் திரையில் தெரியாத தலைப்புப் பகுதியிலும் மெசேஜ்-ஐடி என்ற தனி அடையாளம் இருக்கும். நாம் பதில் எழுதும்போது, எந்த மடலுக்குப் பதில் என்பதை இன்-ரிப்ளை-டு என்ற வரியிலும், அதற்கு முந்தைய மடல்களின் அடையாளங்களை ரெஃபரன்சஸ் என்ற வரியிலும் நிரல் எழுதிவைக்கிறது. மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்து 1982-இல் வெளியான ஆர்எஃப்சி 822 ஆவணத்திலேயே இந்த மூன்று வரிகளும் இடம்பெற்றுவிட்டன. பெறுபவரின் நிரல், அவருடைய அஞ்சல் பெட்டிக்குள் வந்துசேர்ந்த மடல்களை மட்டும் வைத்து, இந்த அடையாளங்களைப் பின்பற்றி, இழை எனப்படும் மடல் தொடரைத் தைத்துக்கொள்கிறது. ஆகவே பத்துப் பேர் பங்கேற்கும் உரையாடலுக்குப் பத்து வடிவங்கள் இருக்கலாம். ஜிமெயிலில் ஒரு மடலின் மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் திறந்தால் இந்த வரிகளை யாரும் பார்க்கலாம்.

இந்த இணைப்புகளை உள்ளபடி வரைந்தால் கிடைப்பது ஒரு மரம், ஏனெனில் ஒரே மடலுக்கு மூவர் பதில் எழுதினால் அங்கே மூன்று கிளைகள் பிரிகின்றன. 1990-களில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் மின்னஞ்சல் நிரலுக்காக நிரலாளர் ஜேமி ஜவின்ஸ்கி எழுதிய வழிமுறை, இடையில் ஒரு மடல் கிடைக்காமல் போனாலும் அதன் இடத்தில் வெற்றுப் பெட்டி ஒன்றை வைத்து மரத்தின் வடிவத்தைக் காத்தது. வெறும் எழுத்துகளாலான முனையத் திரையில் இயங்கும் மட் என்ற மின்னஞ்சல் நிரலால் அப்படி விடுபட்ட இடத்தைக் கேள்விக்குறியால் காட்ட முடியும். ‘உங்களிடம் இல்லாத மடல் ஒன்று இங்கே இருந்தது’ என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் நிரல்கள் இன்று அரிது. 2004 ஏப்ரலில் வந்த ஜிமெயில் மரத்தைக் கைவிட்டு, எல்லா மடல்களையும் தேதி வரிசையில் ஒரே நேர்க்கோட்டில் அடுக்கியது. கண்ணுக்கு அது எளிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எந்த மடலுக்கு எது பதில் என்ற செய்தி திரையிலிருந்து மறைந்துபோனது.

அதன் விளைவை நான் கவனித்த ஒரு கொள்முதல் விவகாரத்தில் தெளிவாகக் காணலாம். விற்பனையாளர் திங்களன்று விலைப்பட்டியல் அனுப்பினார். புதனன்று சரக்குக் கட்டணத்தைச் சேர்த்து, கூடுதல் தொகையுடன் திருத்திய பட்டியலை அதே உரையாடலில் அனுப்பினார். பயணத்தில் இருந்த மேலாளர் வியாழனன்று கைபேசியில் திங்கட்கிழமை மடலைத் திறந்து, அதற்கே ‘சரி, இதையே உறுதி செய்யுங்கள்’ என்று பதில் எழுதிவிட்டார். கொள்முதல் பிரிவில் இருந்தவரின் திரையில் அந்த ஒற்றை வரி, திருத்திய பட்டியலுக்கு நேர் கீழே வந்து அமர்ந்தது. கூடுதல் தொகைக்கே ஒப்புதல் கிடைத்துவிட்டதாக எண்ணி அவர் ஆணை அனுப்பினார். மேலாளருடைய பதிலின் அடியில் இருந்த மூன்று புள்ளிகளை அழுத்தியிருந்தால், மேற்கோளாக மடித்துவைக்கப்பட்டிருந்தது திங்கட்கிழமை மடல் என்பது அப்போதே தெரிந்திருக்கும். சுருக்கமான ஒப்புதல் எதைக் கண்டாலும் அந்தப் புள்ளிகளை அழுத்திப் பார்க்கும்படி நான் வலியுறுத்துவது இதனால்தான். ஒப்புதல் தருபவர்களும் ‘சரி’ என்பதோடு நிறுத்தாமல், எந்தத் தேதியிட்ட பட்டியல், எந்தத் தொகை என்று ஒரு வரி சேர்த்து எழுதுவது நல்லது.

மரத்தையே பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் நிரலின் இழைக் காட்சி, பதில்களை உள்தள்ளிக் கிளைகளாகக் காட்டும். கணினியில் நிறுவப்படும் பழைய அவுட்லுக்கில், உரையாடல் அமைப்புகளுக்குள் ‘கிளாசிக் இன்டென்டட் வியூ’ என்ற தெரிவு அதற்காகவே இருக்கிறது. மேலும், கடைசி மடலுக்கு அல்லாமல் பழைய மடலுக்குப் பதில் எழுதத் தொடங்கினால், அவுட்லுக் மேலே ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டும். பலர் அதை விளம்பரம் போலக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

பெறுநர் பட்டியல் இன்னும் நுட்பமான சிக்கல். ‘ரிப்ளை ஆல்’ என்பது உரையாடலில் உள்ள எல்லாருக்கும் போகும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது, நீங்கள் பதில் எழுதும் அந்த ஒரு மடலை அனுப்பியவருக்கும் அதன் பெறுநர்களுக்கும் மட்டுமே போகும். நடுவில் ஒருவர் உங்களுக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தால், உங்கள் திரையில் அதுவும் மற்ற மடல்களோடு வேறுபாடின்றி அதே வரிசையில் நிற்கும். அதற்கு நீங்கள் ‘ரிப்ளை ஆல்’ கொடுத்தால், குழுவுக்குச் சொன்னதாக நீங்கள் நினைக்கும் முடிவு அந்த ஒருவரை மட்டுமே சென்றடையும். பொதுமடலுக்கு எழுதுகிறோம் என்பதை மறந்து தனிப்பட்ட கருத்தைக் குழு முழுவதற்கும் அனுப்பிவிட்டவர்களும் உண்டு. அனுப்பும் முன் பெறுநர் வரியை விரித்துப் பெயர்களைப் படித்துவிட வேண்டும்.

பதில் எழுதும்போது பொருள் வரியை (சப்ஜெக்ட்) மாற்றினால் என்ன நடக்கும் என்பதும் நிரலுக்கு நிரல் வேறுபடும். ஜிமெயில் அதைப் புதிய உரையாடலாகப் பிரித்துவிடும். தண்டர்பேர்டோ ரெஃபரன்சஸ் வரியைப் பார்த்துப் பழைய இழையிலேயே வைத்துக்கொள்ளும். பழைய மடல் ஒன்றைத் திறந்து, பொருள் வரியை மட்டும் மாற்றிப் புதுச் செய்தி எழுதும் பழக்கம் உள்ளவர்கள், எதிரில் இருப்பவரின் திரையில் தங்கள் மடல் மூன்று மாதப் பழைய இழை ஒன்றுக்குள் புதைந்துபோவதை அறிவதில்லை. புதிய விஷயத்துக்குப் புதிய மடலைத் தொடங்குவதே முறை. ஜிமெயிலில் ஓர் உரையாடல் 100 மடல்களைத் தாண்டினால் தானாகவே இன்னோர் உரையாடலாகப் பிரியும். முன்பாதி காணாமல் போய்விட்டதாகப் பதறி அழைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்லி அமைதிப்படுத்துகிறேன்.

நீண்ட இழையில் நகர்வதற்குச் சுட்டியை உருட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. ஜிமெயில் அமைப்புகளில் விசைப்பலகைக் குறுக்குவழிகளை இயக்கிவிட்டால், உரையாடலுக்குள் ‘என்’ விசை அடுத்த மடலுக்கும் ‘பி’ விசை முந்தைய மடலுக்கும் கொண்டுசெல்லும். அரைப்புள்ளி விசை மடிந்த மடல்கள் அனைத்தையும் ஒரே அழுத்தில் விரிக்கும். தண்டர்பேர்டில் ‘என்’ விசை அடுத்த படிக்காத மடலுக்குத் தாவும்.

இந்தக் காட்சிமுறையின் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கையை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். எமோடெட் என்ற தீநிரல், கைப்பற்றிய பெட்டிகளிலிருந்து உண்மையான உரையாடல்களைத் திருடி, அவற்றுக்குப் பதில் போலவே தீங்கான இணைப்புகளை அனுப்பியது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதன் கட்டமைப்பை முடக்கின. ஆனால் அந்த உத்தி அதோடு ஒழிந்துவிடவில்லை. இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ் வரிகளில் எழுதியிருப்பது உண்மையா என்று சரிபார்ப்பவர் எவரும் இல்லை. மடலை அனுப்புகிறவர் எதை வேண்டுமானாலும் அங்கே எழுதலாம். உரையாடலுக்குள் வந்து நிற்கிறது என்பதற்காகவே ஒரு மடலை நம்பிவிட முடியாது. நெடுநாள் பழகிய இழையில் ‘வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது’ என்று ஒரு பதில் வந்தால், அனுப்புநரின் பெயரை மட்டும் பார்க்காமல் முகவரியை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். முகவரி சரியாகவே இருந்தாலும், அந்த மடலில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்புநரின் அஞ்சல் பெட்டியே பிறர் கைக்குப் போயிருக்கக்கூடும்.

கடைசி மடலை வெளியாருக்கு ஃபார்வர்டு செய்யும்போதும் இதே மூன்று புள்ளிகளை மறந்துவிடக் கூடாது. திரையில் தெரிவது இரண்டு வரிதான் என்றாலும், அதனுள் மேற்கோளாக மடிந்திருக்கும் முந்தைய பேச்சுகள், உள்விலை, மற்றவர்களின் முகவரிகள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே போகும். அனுப்பும் முன் அதை விரித்து, தேவையற்ற பகுதியை நீக்கிவிடுங்கள்.