நெட் ஜீரோ: நிகரச் சுழிய உமிழ்வு

‘2070ல் இந்தியா நெட் ஜீரோ’ என்று செய்தியில் வாசித்ததும், அந்த ஆண்டோடு புகையே நின்றுவிடும் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் அது இல்லை. அப்போதும் நிலக்கரி எரியலாம், டீசல் லாரி ஓடலாம். நாம் வெளியே விடுகிற, புவியைச் சூடாக்கும் வாயுக்களிலிருந்து, காடோ மண்ணோ எந்திரமோ திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிற அளவைக் கழித்தால் மிச்சம் ஒன்றும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

‘நெட்’ வணிகச் சொல். ‘துப்புரவான’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, கழிவெல்லாம் போக நிற்கும் தொகையைக் குறிக்கலாயிற்று. சாக்கு எடை போக நெல் எவ்வளவு என்று கேட்கிறோமே, அந்த எடைதான் நெட். ‘ஜீரோ’வுக்கு மூலம் அரபியின் ‘சிஃப்ர்’. அதுவோ வடமொழி ‘சூன்யம்’ என்பதற்கு அரபியர் செய்த மொழிபெயர்ப்பு. நம்மூரில் பெரியவர்கள் ‘கணக்குல சைபர்’ என்பார்களே, அந்த சைபரும் அதே சிஃப்ர்தான். ஆக ஜீரோவும் சைபரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் இந்தச் சொல் கிடையாது. வெளியேறுவதற்கும் உறிஞ்சப்படுவதற்கும் இடையே ‘சமநிலை’ வேண்டும் என்றுதான் அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. 2018ல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி, புவி 1.5 பாகை சூடாவது பற்றி வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகுதான் சொல் அரசியல் மேடைக்கு வந்தது. 2019ல் பிரிட்டன் 2050ஐ இலக்காக வைத்துச் சட்டம் செய்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர் மோடி 2070 என்றார். இப்போது பிரிட்டனிலேயே எதிர்க்கட்சித் தலைவர் கெமி பேடனாக், 2050 நடக்காத காரியம், மக்கள் தலையில் செலவுதான் ஏறும் என்கிறார். சூழல் ஆர்வலர்களுக்கு இருக்கும் கோபம் நேர் எதிரானது: உமிழ்வைக் குறைப்பதைத் தள்ளிப்போடுவதற்கு இந்தச் சொல் வசதியாக இருக்கிறது என்று.

எனக்கு இரண்டைவிடவும் உறுத்துவது ‘நெட்’ போடும் கணக்கு. அதைப் பார்க்க கிளாஸ்கோ போக வேண்டாம், திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடி, ராதாபுரம் பக்கம் நிற்கும் காற்றாலைக் காத்தாடிகளே போதும். அம்மியும் பறக்கும் ஆடிக்காற்றில் அவை தேவைக்கு மேலேயே மின்சாரம் தரும். காத்தாடி வைத்திருக்கிற மில், மிஞ்சிய யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, பிறகு எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ‘பேங்கிங்’ என்று பெயர். பழைய காத்தாடிகளுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை இந்த வசதி உண்டு. ஆனால் ஆடியில் வந்த மின்சாரம் மார்கழி வரை எங்கும் உட்கார்ந்திருப்பதில்லை, அன்றைக்கே செலவாகிவிடும். மார்கழி மாலை அந்த மில்லில் ஓடுவது பெரும்பாலும் தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற ஒன்றின் கரண்டு. காகிதத்தில் மட்டும் முழுக்கக் காற்று. ஆண்டுக் கூட்டலில் பொய் இல்லை, ஆடியில் அந்த அளவு நிலக்கரி மிச்சமாகத்தான் செய்கிறது. ஆனாலும் மார்கழி மாலைக்காக ஒரு கொதிகலனைத் தயாராக வைத்திருக்கும் செலவு எவர் தலையிலோ விழுகிறதே, அது இந்த நிகரக் கணக்கில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, ஆடியிலாவது முழுக்க எடுத்துக்கொள்கிறார்களா? அதுவும் இல்லை. மின்பாதை தாங்காவிட்டால் காத்தாடியை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அனல் நிலையத்தையோ ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. பிரிட்டனிலும் இதே கதைதான். ஸ்காட்லாந்துக் காற்றாலையை நிறுத்தப் பணம், தெற்கே எரிவாயு நிலையத்தை ஓட்டப் பணம். இங்கே அரசு, விலையில் 80 விழுக்காட்டைத் தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகை கொடுத்துக் காத்தாடிகளை நடவைத்தது. மிச்ச மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையம் என்று தமிழ்நாட்டில் பல்லாண்டு காலம் இருந்தது காடம்பாறையின் 400 மெகாவாட் ஒன்றுதான். மெகாவாட்டை நட்டார்கள், வாய்க்காலை வெட்டவில்லை.

கழிக்கிற பக்கமும் சுத்தமாக இல்லை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை (கிளையும் இலையும் மூடும் பரப்பு) இருந்தால், யாருடைய நிலமாக இருந்தாலும், எந்த மரமாக இருந்தாலும், அரசுக் கணக்கில் அது வனப்பரப்பு. முண்டந்துறைக் காடும் கடையம் பக்கத்துத் தென்னந்தோப்பும் ஒரே தலைப்பின் கீழே வந்துவிடும். உள்ளே அடர்த்திப் பிரிவு உண்டுதான். மேடையில் அறிவிக்கப்படுவது மொத்தம் மட்டும். இன்னொன்று: 2025ல் நாட்டின் மின் நிறுவுதிறனில், அதாவது நிலையங்கள் முழுமூச்சாக ஓடினால் தரக்கூடிய அளவில், பாதி புதைபடிவம் அல்லாததாகிவிட்டது என்று கொண்டாடினோம். உற்பத்தியில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு இன்னும் நிலக்கரிதான்.

அப்புறம் தமிழ்ச் சொல். நாளிதழ்கள் ‘நிகர பூஜ்ஜியம்’ என்கின்றன. பூஜ்யம் ‘வணங்கத்தக்கது’ என்ற பொருளுடைய வடசொல். அது இன்மையைக் குறிக்க வந்தது தனிக்கதை. சுழி நம் சொல், அதிலிருந்து சுழியம். ‘நிகர’ என்பதை நிகர எடை, நிகர லாபம் என்று பழகிவிட்டோம். ‘நிகர்’ என்றால் ஒப்பு என்பதால், இரு பக்கமும் ஈடாவதையும் அது சொல்லிவிடுகிறது. ‘கார்பன் நடுநிலை’ இதற்குப் பதிலாகாது, அது பெரும்பாலும் கரியமில வாயுவை மட்டும் பேசும். ‘சுழிய உமிழ்வு’ என்று மட்டும் எழுதினால் தப்பு. ‘நிகர’வை விட்டால் பொருளே மாறிவிடும். ‘நிகரச் சுழிய உமிழ்வு’ என்று முழுதாக எழுதி, எந்த ஆண்டுக்குள், எந்தெந்த வாயு, எதைக் கழித்து என்ற மூன்றையும் பக்கத்திலேயே போட்டுவிடலாம்.