மூட்டு மாற்று அறுவையும் மருந்தாளுநர் போடும் கணக்கும்

முழங்கால் மூட்டு மாற்றியவருக்கு ஒரே மருந்தை அள்ளிக் கொடுத்து வலியை அடக்குவதில்லை. பாராசிட்டமால், வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை, நரம்பைச் சுற்றி மரத்துப்போக வைக்கும் ஊசி எனப் பல பக்கமும் மறித்து, டிரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகளின் (அபின் வகை வலி மருந்துகளின்) தேவையைக் குறைக்கிறார்கள். ஆனால் மருந்துகள் பெருகினால் மோதலும் பெருகும்.

அதனால் மருந்தாளுநர் முதலில் பார்ப்பது, நோயாளி வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவருக்கு டைக்ளோஃபெனாக் என்ற வீக்க மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் ரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறலாம். மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் சாப்பிடுபவருக்கு டிரமடால் கொடுத்தால் நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்புகூட வரலாம்.

அறுவை அரங்கிலும் கணக்கு உண்டு. மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்தான பியூபிவக்கேனுக்குப் பொதுவான உச்சவரம்பு கிலோவுக்கு 2 மி.கி. எடை 60 கிலோ என்றால் 120 மி.கி.; 0.5% மருந்தில் அது வெறும் 24 மி.லி. மயக்க மருத்துவர் நரம்பருகே போடுவதும், அறுவை மருத்துவர் மூட்டைச் சுற்றிப் போடுவதும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். மீறினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரக்கூடும்.

உண்மையான சிக்கல் வீட்டுக்குப் போகும் சீட்டில்தான் ஒளிந்திருக்கிறது. அசெக்ளோஃபெனாக் என்ற வீக்க மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையில் 325 மி.கி. பாராசிட்டமால்; தினம் இரண்டு என்றால் 650. டிரமடால் கூட்டு மாத்திரையிலும் 325. மூன்று வேளைக்கு 975. காய்ச்சல் அடிக்கிறதே என்று கடையில் 650 மி.கி. பாராசிட்டமால் வாங்கி நான்கு முறை போட்டால் 2,600. மொத்தம் 4,225 மி.கி. பெரியவர்களுக்கே நாளுக்கு 4,000தான் எல்லை. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் பழுதானவர்களுக்கும் இன்னும் குறைவு. அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் படித்தால்தான் இது பிடிபடும்.

தோலில் ஏழு நாள் ஒட்டும் பியூப்ரினார்ஃபின் (இதுவும் ஓபியாய்டுதான்) பட்டை முழு அளவில் வேலை செய்ய மூன்று நாள் வரை ஆகலாம். அதற்குள் பொறுக்காமல் இன்னொன்றை ஒட்டக் கூடாது. பட்டைமேல் வெந்நீர் ஒத்தடமும் கூடாது: சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கி, மூச்சு மந்தமாகும். ஓபியாய்டு தொடங்கும் நாளிலேயே பிசக்கோடில் போன்ற மலமிளக்கியும் தொடங்க வேண்டும். கீரையும் பழமும் மட்டும் பெரும்பாலும் போதாது.

உடற்பயிற்சிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டால் முழங்காலை நன்றாக மடக்கலாம். குறைக்கும்போது முதலில் டிரமடாலையும், பிறகு வீக்க மாத்திரையையும், கடைசியாகப் பாராசிட்டமாலையும் நிறுத்துவது வழக்கம்.